நம்ம ஊரு ஜி.ஹெச். எத்தனை மார்க்?

(ஐ.டி. அணி பயிற்சிக் கூட்டத்தில் தன்னார்வலர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)

 

இங்க மெடிக்கல் கோடிங், பில்லிங் பார்க்கறவங்க சிலர் இருக்கீங்க. மிப்ஸ்னு சொன்னா உங்களுக்கு உடனே புரியும். அமெரிக்காவில் 2015-ல் சட்டம் போட்டு, 2017-லிருந்து நடக்குது. மெடிகேர் நோயாளிகளைப் பார்க்கும் டாக்டர், சர்க்கரை கட்டுக்குள்ள இருக்கா, பிரஷர் எவ்வளவு என்றெல்லாம் தரக் கணக்கு அனுப்பணும். நூற்றுக்கு மார்க். நல்ல மார்க் என்றால் ரெண்டு வருஷம் கழிச்சு வர்ற தொகையில் கொஞ்சம் கூடும். குறைஞ்சா 9 சதவீதம் வரை வெட்டு. இந்த வேலையில் ஒரு பகுதியை ராத்திரி ஷிப்டில் செய்றது நம்ம ஊர் பசங்கதான்.

டெக்சாஸ் டாக்டரோட மார்க்கை நாம சரிபார்க்கறோம். நம்ம அம்மா சர்க்கரை மாத்திரை வாங்கப் போற ஜி.ஹெச். எத்தனை மார்க்? இந்த ஹாலில் யாருக்காவது தெரியுமா?

மார்க் இருக்குங்க. என்.க்யூ.ஏ.எஸ். என்ற தேசிய தரச்சான்று. பிரசவ அறையில் முழங்கையால் திறக்கற குழாய் இருக்கா, கழிவை நிறம் பிரிச்சுப் போடறாங்களா, இப்படி ஒவ்வொன்றுக்கும் 0, 1 அல்லது 2. நேரில் பார்ப்பாங்க, ரெஜிஸ்டர் புரட்டுவாங்க, ஊழியர்கிட்டயும் நோயாளிகிட்டயும் கேட்பாங்க. 70 சதவீதம் தாண்டி சான்று வாங்கின மாவட்ட மருத்துவமனைக்கு ஒரு படுக்கைக்கு வருஷம் 10,000 ரூபாய் ஊக்கத்தொகை, மூணு வருஷத்துக்கு. 100 படுக்கை என்றால் வருஷம் 10 லட்சம். நடுவில் தரம் இறங்கிடக் கூடாது.

பணம் வருதுன்னா கணக்கை ஜோடிக்கற ஆசையும் வரும். பார்ட்டோகிராஃப்னு ஒரு தாள் இருக்கு. பிரசவ வலி எப்படி முன்னேறுது, குழந்தையோட இதயத்துடிப்பு எப்படி இருக்குன்னு அப்பப்ப குறிக்கற வரைபடம். நேரத்துக்குக் குறிச்சா சிக்கல் வர்றது முன்னாடியே தெரியும், பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்ப நேரம் கிடைக்கும். குழந்தை பிறந்தப்புறம் உட்கார்ந்து நிரப்பினா தாள் அழகா இருக்கும், ஃபைலும் ரெடி. அந்தத் தாய்க்கு அதனால என்ன பிரயோஜனம்?

ஆனா ஒண்ணு. இதைக் கேட்டுட்டு யாரும் நர்ஸக்கா முகத்துக்கு நேரா மொபைலை நீட்டி ரீல்ஸ் எடுக்காதீங்க. ராத்திரி டூட்டியில் ஒரே ஆள் மூணு பிரசவத்தைப் பார்த்துக்கிட்டு எந்தத் தாளைக் குறிக்கறது? காலி இடத்தை நிரப்பாம ரெஜிஸ்டரை மட்டும் கேட்கற மேலிடத்தைக் கேளுங்க. நாளைக்கு நம்ம ஆட்சியே வந்தாலும் இதே கேள்விதான். சான்று கிடைச்ச அன்னைக்கு எல்லாக் கட்சியும் போஸ்டர் அடிக்கும், நாமும் அடிப்போம். ரெண்டாவது வருஷம் அந்தக் குழாயில் தண்ணி வருதான்னு யாரும் பார்க்கறதில்லை.

அதனால இந்த மாசம் நமக்கு ட்ரெண்டிங் வேலை கொஞ்சம் குறைவு, மனு வேலை அதிகம். தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005. கட்டணம் 10 ரூபாய், 30 நாளில் பதில் தரணும். மூணே கேள்வி கேளுங்க. கடைசி மதிப்பீட்டில் எந்தப் பிரிவுக்கு எவ்வளவு மார்க்? 0 வாங்கின இடங்கள் எவை, அதைச் சரிசெய்ய என்ன கேட்டிருக்காங்க? ஊக்கத்தொகை எவ்வளவு வந்தது, எதுக்குச் செலவாச்சு? நோயாளி பேர் வர்ற எந்தத் தாளையும் கேட்காதீங்க, அது நமக்கு வேண்டாம்.

மனு மாதிரியை கூட்டம் முடிஞ்சதும் குரூப்ல போடறேன். பதில் வந்தா உங்க முகவரி, ஃபோன் நம்பரை மறைச்சுட்டு மாவட்ட அணிக்கு அனுப்புங்க. ஒரே மாதிரி அட்டவணையா நான் போட்டுத் தர்றேன். பதில் வராத ஊர் பேரையும் அனுப்புங்க, அதுக்குத் தனியா ஒரு பத்தி இருக்கு.



#நம்மஊருஜிஹெச்