கதை படிப்போர்க்கு ஆறு சொற்கள்

(கல்லூரி மாணவர் மன்றமொன்றில் ஆற்றிய பொழிவின் எழுத்து வடிவம்)

 

சிறுகதையும் புதினமும் படிக்கும் மாணவர்க்கு வேண்டிய அடிப்படைச் சொற்களைப் பற்றிப் பேசுமாறு பணித்துள்ளீர்கள். கதைப்பின்னல், நோக்குநிலை, குறியீடு என ஒரு நீண்ட பட்டியலைத் தேர்வுக்கென நீங்கள் நெட்டுருப் போட்டிருப்பீர்கள். ‘இக்கதையில் குறியீடு உள்ளது’ என்று விடைத்தாளில் எழுதி, அவ்வளவில் நிறுத்திவிடுவோரும் உளர். பெயரைச் சொன்னதும் ஆய்வு முடிந்தது என்று எண்ணுவதே இங்குள்ள குறை. கலைச்சொல் என்பது கதையை நோக்கி நாம் கேட்க வேண்டிய ஒரு வினா. வினவாமல் சொல்லை மட்டும் சுமப்பவன், திறவுகோலைக் கையில் வைத்துக்கொண்டு பூட்டிய வாயிலிலேயே நிற்பவனை ஒப்பான்.

இவ்வினாக்கள் நமக்குப் புதியனவும் அல்ல. தொல்காப்பியர் செய்யுளியலின் தொடக்கத்தில் செய்யுளுக்குரிய உறுப்புகள் 34 என எண்ணிக் கூறுகின்றார். அவற்றுள் கூற்று, கேட்போர், களன், காலம், மெய்ப்பாடு, எச்சம் என்னும் ஆறனை மட்டும் இன்று எடுத்துக்கொள்கிறேன். அவர் செய்யுளுக்கு வகுத்தாரேயன்றிப் புதினத்திற்கு வகுத்தாரல்லர். புதினம் என்னும் வடிவம் மேலைநாட்டுத் தொடர்பால் வந்தது. தமிழின் முதற் புதினமாகிய ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ அச்சேறியது 1879ஆம் ஆண்டில்தான். ஆயினும் ஒருவர் சொல்ல ஒருவர் கேட்பது எங்கு நிகழினும் இவ்வாறு வினாக்களும் அங்குப் பொருந்தும்.

முதலாவது, கூற்று. கதையைக் கூறுபவர் யார்? மு. வரதராசனாரின் ‘அகல் விளக்கு’ 1961ஆம் ஆண்டிற்குரிய சாகித்திய அகாதெமிப் பரிசு பெற்ற புதினம். அழகும் அறிவும் வாய்ந்த சந்திரனின் வாழ்வு சரிவதை அது காட்டுகின்றது. ஆனால் கதையைக் கூறுபவன் சந்திரன் அல்லன்; அவன் நண்பன் வேலய்யன். ஆதலால் சந்திரன் கண்மறைவாகிய காலத்தில் அவனுக்கு நேர்ந்தவற்றை வேலய்யன் அறிந்த பின்னரே நாமும் அறிகின்றோம். சந்திரனே கூறியிருந்தால் தன் பிழைகளுக்கு அமைதி தேடியிருப்பான் அல்லனோ? கூறுபவர் மாறினால் கதையே மாறிவிடும் என்பதை இதனால் உணரலாம்.

ஏனைய ஐந்தனையும் ஒரே சிறுகதையில் வைத்துப் பார்ப்போம். புதுமைப்பித்தனின் ‘பொன்னகரம்’ 1934இல் வெளிவந்தது. அவர்தம் நடையில் பிறமொழிக் கலப்பு மிகுதி. ஆயினும் கதையமைப்பில் அவரிடம் கற்க வேண்டியவை பல. ஆலையில் கூலிவேலை செய்பவள் அம்மாளு. குதிரைவண்டி ஓட்டும் அவள் கணவன் அடிபட்டுக் கிடக்கின்றான். அவனுக்குக் கஞ்சி வார்க்கவும் வழியில்லை. அன்றிரவு அவள் முக்கால் உருபா ஈட்டுகின்றாள். கதை இவ்வளவே.

களன் எது? ஏழையர் நெருங்கி வாழும் இருட்டுச் சந்துகள். அவ்விடத்திற்குப் பொன்னகரம் என்று பெயர். புகழ்வதுபோற் பழிக்கும் முறை தலைப்பிலேயே தொடங்கிவிடுகின்றது. காலம் எவ்வளவு? ‘அகல் விளக்கு’ இளமை தொட்டுப் பல்லாண்டு வாழ்வை விரித்துரைக்க, இங்கோ ஒரு குடும்பத்தின் துயரமெல்லாம் ஓரிரவில் வந்து குவிகின்றது. காலத்தை விரிப்பதா சுருக்குவதா என்பதும் ஆசிரியன் செய்யும் தேர்வே.

கேட்போர் யார்? கதையின் இறுதியில், கற்பைப் பற்றி ஓயாது பேசுவோரை நோக்கிக் கதைசொல்வோன் நேர்முகமாகவே திரும்புகின்றான். அதுகாறும் அம்மாளுவைப் பார்த்துக்கொண்டிருந்த நாம், நம்மைப் பார்த்தே அவன் பேசுகின்றான் என்பதை அப்போதுதான் உணர்கின்றோம்.

மெய்ப்பாடு யாது? நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என அது எட்டு. இளிவரல் பிறக்கும் இடங்களுள் பிணியையும் வருத்தத்தையும் தொல்காப்பியர் குறித்துள்ளார். இக்கதையில் முதலில் தோன்றுவது அவ்விளிவரலே. முடிவில் அது வெகுளியாக மாறுகின்றது. அவ்வெகுளி அம்மாளுவின்மேற் பாய்வதன்று. அவளை அந்நிலைக்குத் தள்ளிய குமுகாயத்தின்மேற் பாய்வது.

இனி எச்சம். இச்சொல்லை நீங்கள் சிறு வகுப்பிலேயே அறிவீர்கள். ‘படித்த’ என்றால் பெயரெச்சம். ‘படித்து’ என்றால் வினையெச்சம். முன்னது பெயரையும் பின்னது வினையையும் வேண்டி நிற்கும். கதையிலும் அவ்வாறே, சொல்லாது விட்டதொன்று படிப்பவரை வேண்டி நிற்கும். இருளில் நிகழ்ந்ததைப் புதுமைப்பித்தன் விரிக்கவில்லை. கிடைத்த காசை மட்டும் சொல்கின்றார். எஞ்சியதை நாமே முடிக்கின்றோம். முடிக்கும்பொழுது நம் நெஞ்சம் நடுங்குகின்றது. வெளிப்படக் கூறியிருந்தால் அந்நடுக்கம் நேர்ந்திராது.

தாய்மொழிச் சொல்லின் வலிமையை இங்குக் காணுங்கள். கூறு என்பதிலிருந்து கூற்று. எஞ்சு என்பதிலிருந்து எச்சம். வேரைப் பார்த்த அளவில் பொருள் விளங்குகின்றது; அதனால் வினாவும் தானே எழுகின்றது. பொருள் விளங்காத சொல்லை நெட்டுருப் போடுபவன் விலைக்கு வரும் விளக்கவுரைகளையே நம்பியிருக்க நேரும். அவனுக்குப் பிறர் கருத்தே தன் கருத்தாகிவிடும். தன் கண்ணால் ஒரு கதையைப் படிக்கத் தெரியாதவன், நாளை ஒரு செய்தித்தாளையோ ஒரு மேடைப்பேச்சையோ எவ்வாறு எடைபோடுவான்? யார் கூறுகின்றார், யாருக்குக் கூறுகின்றார், எதனைக் கூறாது விடுகின்றார் என்னும் வினாக்கள் அங்கும் வேண்டுமல்லவா?

ஆகவே மாணவர்காள், இவ்வாரம் ஒரு சிறுகதையை எடுங்கள். விளக்கவுரையைத் திறவாதீர்கள். இவ்வாறு வினாக்களையும் அக்கதையிடமே கேட்டு, கிடைத்த விடைகளை உங்கள் சொந்தத் தமிழில் ஒரு பக்கம் எழுதுங்கள். அவ்வொரு பக்கம் நெட்டுருப் போட்ட பத்துப் பக்கத்தினும் மேலானது.