கற்ற கை

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நிறுவனரைப் பற்றிப் பத்து நிமிஷம் பேசுங்கன்னு சொன்னாங்க. வள்ளல் என்றும் தொழிலதிபர் என்றும் அவரைப் பற்றி இந்த மேடையில் நிறையக் கேட்டுவிட்டோம். நான் அவரை ஒரு தொழிலாளியாக நினைத்துப் பார்க்க விரும்புகிறேன்.

நம்ம ஊர் வானம் பார்த்த பூமி. மழை பொய்த்தால் பிழைப்பும் பொய்த்துவிடும். அந்த நிலையில்தான் 1922ஆம் ஆண்டு வாக்கில் அய்ய நாடாரும், உறவுமுறையில் சகோதரரான சண்முக நாடாரும் கல்கத்தாவுக்கு ரயிலேறினார்கள். மொழி தெரியாத ஊரில் சுமார் எட்டு மாதம் தங்கி, தீப்பெட்டித் தொழிலைக் கற்றுக்கொண்டு திரும்பினார்கள்.

தீப்பெட்டிதானே என்று நினைக்காதீர்கள். குச்சியை ஒன்றோடொன்று ஒட்டாமல் சட்டத்தில் அடுக்க வேண்டும். மெழுகு ஏற வேண்டும். பிறகு மருந்தில் முக்க வேண்டும். குளோரேட்டும் வச்சிரமும் கலந்த அந்த மருந்து கெட்டியானால் தலை பருக்கும், இளகினால் வழியும். இந்தப் பதம் கையோடு வருவது. காய வைக்க வெயில் வேண்டும். அது மட்டும் நம்மிடம் தாராளமாக இருந்தது!

ஜெர்மனியிலிருந்து இயந்திரம் வரவழைத்துத் தொடங்கியவர்கள், பிறகு கைவேலைக்கு மாறினார்கள். அந்த மாற்றம்தான் ஊரையே மாற்றியது. வீட்டுத் திண்ணையெல்லாம் வேலைக்கூடம் ஆயிற்று. 1926இல் இருவரும் தொழிலைப் பிரித்துக்கொண்டார்கள். ஒருவருக்கு அணில் மார்க், மற்றவருக்குக் காக்கா மார்க். தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டுமே, அதனால் அச்சகம் வந்தது. வண்ண மத்தாப்புக் குச்சியிலிருந்து பட்டாசு வளர்ந்தது.

அய்ய நாடார் நகராட்சித் தலைவராகவும் ஊருக்கு உழைத்தார். 1963இல் இந்தக் கல்லூரியைத் தொடங்கியபோது தம் பெயரோடு துணைவியார் ஜானகி அம்மாள் பெயரையும் சேர்த்தே வைத்தார். ஒருவர் உழைப்புக்குப் பின்னால் வீட்டில் இன்னொருவர் உழைப்பு இருக்கிறது என்பதை நம் மார்க் ஷீட்டிலேயே எழுதி வைத்த மாதிரி எனக்குத் தோன்றும்.

இன்னொன்றையும் மனம் விட்டுச் சொல்லிவிடுகிறேன். அதே திண்ணைகளில் பள்ளிக்குப் போக வேண்டிய பிள்ளைகளும் உட்கார்ந்து பெட்டி ஒட்டினார்கள். சிவகாசிக் குழந்தைத் தொழிலாளர் வழக்கில் 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லும் அளவுக்கு அது போயிற்று. 2012 செப்டம்பர் 5ஆம் தேதி முதலிப்பட்டி பட்டாசு ஆலை விபத்தில் முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அவர்களும் தொழில் தெரிந்தவர்கள்தான். குடும்பத்துக்காக மருந்தைத் தொட்டவர்கள்தான். அவர்கள் பெயரில் கட்டடம் எதுவும் எழும்பவில்லை.

நம்மில் பலர் பெட்டி ஒட்டிய கூலியில் ஃபீஸ் கட்டியவர்கள். வெளியூர் போனதும் "அப்பா என்ன பண்றார்?"னு கேட்டால், "பிசினஸ்"னு சொல்லி மழுப்பினவங்களும் உண்டு. ஏன் மழுப்பணும்? இந்தக் கல்லூரியின் அஸ்திவாரமே கைத்தொழில்தானே!

பழைய மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். மருந்து அறையில் வேலை பார்க்கும் ஒருவருடைய பிள்ளைக்கு, நம்மில் ஆளுக்கொருவர் மூன்று வருஷம் ஃபீஸ் கட்டுவோம். வேதியியல் படித்தவர்கள் லீவு நாளில் ஒரு மணி நேரம் ஒதுக்கி, எந்த மருந்தோடு எதைச் சேர்க்கக்கூடாது, உராய்வு ஏன் ஆபத்து என்று அந்தத் தொழிலாளிகளுக்கு எளிய தமிழில் எடுத்துச் சொல்லுங்கள். தம்பி தங்கையரே, நீங்கள் இன்றைக்கு வீட்டுக்குப் போனதும் அம்மாவின் கையை ஒரு நிமிஷம் பாருங்கள்.

கற்றுக்கொண்ட கை ஊருக்குக் கொடுத்தது. அதில் படித்த நாம் அந்தக் கைகளைக் காக்க வேண்டாமா?