விடுதலும் வீடும்



திருமுல்லைவாயில் மாசிலாமணியீசுவரர் திருமுன்னர், ஐப்பசி மழையையும் பொருட்படுத்தாது, நனைந்த குடைகளை மடக்கி வைத்துவிட்டு அமர்ந்திருக்கின்றீர்கள். அம்பத்தூரிலிருந்தும் ஆவடியிலிருந்தும் பூந்தமல்லியிலிருந்தும் பேருந்து பிடித்து வந்தோர் பலர் ஈண்டு இருப்பதை அறிவோம். ஆதலின் நெடும்பொழுது உங்களை இருத்த எண்ணவில்லை. எமக்குத் தரப்பெற்ற பொருள் 'பருவமும் வழிபாடும்' என்பது. அதனுள் இப்பருவத்துக்கு உரிய ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்கின்றோம். விடுதல் என்பதே அது.

தமிழிலே வீடு என்னும் சொல் பேரின்பப் பேற்றைக் குறிக்கும். கெடு என்பது கேடு ஆனாற்போல, விடு என்பது வீடு ஆயிற்று. நாம் குடியிருக்கும் மனைக்கும் அதுவே பெயர். பகலெல்லாம் பற்றித் திரிந்ததை விட்டுவிட்டு வந்து சேரும் இடம் அதுதானே என்று எம் ஆசிரியர் வேடிக்கையாகக் கூறுவார்.

மேல்நாட்டார் இத்திங்கள்களை இலையுதிர் காலம் என்பர். அங்கே மரங்கள் பழுத்த இலைகளை உதிர்த்து நிற்கும். அதனைக் கண்டு தாமும் பற்றுகளை உதிர்க்க வேண்டுமென்று அவர்கள் எண்ணுதல் இயல்பே. நம் நாட்டில் இலை உதிர்வது பெரும்பாலும் மாசி, பங்குனியில். ஐப்பசியும் கார்த்திகையும் நமக்குக் கூதிர்க்காலம். வடகிழக்குப் பருவமழையின் காலம். மரம் தழைக்கின்றது; குளம் பெருகுகின்றது; கிணற்று நீர் கைக்கு எட்டுகின்றது. எல்லாம் நிரம்பும் பருவத்தில் விடுதலைப் பற்றிப் பேசுவது பொருந்துமோ எனின், நிரம்பும்போதுதான் பொருந்தும் என்போம்.

நம் பக்கத்து ஏரிகளை எண்ணிப் பாருங்கள். அம்பத்தூர் ஏரி, கொரட்டூர் ஏரி, ஆவடியை அடுத்த பருத்திப்பட்டு ஏரி, பூந்தமல்லிக்கு அப்பால் செம்பரம்பாக்கம். செம்பரம்பாக்கம் ஏரியின் முழு மட்டம் 24 அடி. அது கொள்ளும் நீர் 3,645 மில்லியன் கன அடி. அத்துணைப் பெரிய ஏரிக்கும் ஓர் எல்லை உண்டு. ஏரி கட்டிய நம் முன்னோர் கரையை மட்டும் கட்டினார் அல்லர். மதகு வைத்தனர், கலங்கலும் வைத்தனர். மதகு என்பது வேண்டும்போது திறப்பது. கலங்கல் என்பது நிறைந்தபின் மிகுநீர் தானே வழிந்து போவது. கலங்கல் வழியே நீர் போகின்றதே என்று வருந்தி அதனை அடைப்பவன் ஏரியைக் காப்பவன் அல்லன், கரையை உடைப்பவன்.

உடம்பாகிய ஏரிக்கும் கலங்கல் உண்டு. அதுவே வெளிவிடும் மூச்சு. திருமூல நாயனார் திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரத்தில் மூச்சின் அளவை வகுத்துள்ளார். உள்வாங்கும் பூரகம் 16 மாத்திரை. உள்ளே நிறுத்தும் கும்பகம் 64. வெளிவிடும் இரேசகம் 32. இதனைக் கேட்டவர் அனைவரும் அந்த 64ஐக் கண்டே வியப்பர். 'ஐயா, எவ்வளவு நேரம் அடக்கலாம்?' என்றே எம்மையும் கேட்பர். 32ஐப் பற்றிக் கேட்டவர் இதுவரை ஒருவரும் இலர். வாங்கியதைப்போல் இருமடங்கு பொழுது எடுத்துக்கொண்டு விடவேண்டும் என்கின்றாரே நாயனார், அஃது ஏன்? வாங்குதல் எளிது. விடுதலுக்குத்தான் பொழுது வேண்டும்.

ஒன்றை அழுத்திக் கூறுகின்றோம். கும்பகம் குருவின் முன்னிலையில் பயிலத் தக்கது. நூலைப் பார்த்தோ எம் பேச்சைக் கேட்டோ எவரும் மூச்சை அடக்க முயலற்க. கூதிர்க்காலத்தில் இரைப்பு உடையோரும் இதய நோய் உடையோரும் அந்தப் பக்கமே செல்லுதல் கூடாது. இல்லறத்தார்க்கு எளிய முறை ஒன்று உண்டு. விளக்கேற்றியபின் முதுகு நிமிர அமர்ந்து, திருவைந்தெழுத்தை ஒருமுறை மனத்துள் எண்ணும் அளவு மூச்சை வாங்குக. நிறுத்தாது, இருமுறை எண்ணும் அளவு மெல்ல விடுக. திணறல் தோன்றின் அளவைக் குறைத்துக்கொள்க. மூச்சு வெளியேறும்போது நெஞ்சின் துடிப்பு சற்றே தணிகின்றது என்று மருத்துவரும் கூறுவர். கார்த்திகைத் தீபம் வரை நாள்தோறும் பன்னிரண்டு மூச்சு போதும்.

நம் விழாக்களும் இதனையே பயிற்றுகின்றன. புரட்டாசி மாளயபட்சத்தில் எள்ளும் நீரும் இறைத்து மறைந்தோரை விடுகின்றோம். ஐப்பசி முழுமதியில் சிவாலயங்களில் இறைவன் திருமேனி முழுதும் அன்னம் சாத்தி, பின் அதனைக் களைந்து அன்பர்க்கும் நீர்வாழ் உயிர்க்கும் தருகின்றோம். கார்த்திகையில் சொக்கப்பனை எரிகின்றது. கந்தர் சட்டியிலோ நுட்பமான செய்தி ஒன்று உளது. சூரபன்மன் ஒழிக்கப்பட்டான் அல்லன். மயிலும் சேவலுமாய் ஆண்டவன் பணிக்கு வந்தான். ஆணவமலம் அழிவதில்லை, அதன் வலி அடங்குகின்றது என்னும் சித்தாந்த உண்மை இதனுள் அமைந்துள்ளது. ஆகவே, விடுதல் என்பது ஒன்றை இல்லாமற் செய்தல் அன்று; அதன் பிடியிலிருந்து நாம் நீங்குதல்.

இந்தத் தலத்துக்கு வந்தார் ஒருவர். கண் இழந்து வந்தார். சங்கிலியாருக்குக் கூறிய உறுதியைக் கடந்து திருவொற்றியூர் எல்லையை நீங்கியபோது சுந்தரமூர்த்தி நாயனாரின் பார்வை மறைந்தது. அங்கிருந்து அவர் நேரே வந்தது இந்த வடதிருமுல்லைவாயிலுக்கே. ஈண்டு அவர் பாடிய பதிகம் ஏழாம் திருமுறையில் உளது. தம் துயரைக் களையுமாறு வேண்டுகின்றார். சங்கிலியார் பொருட்டுத் தம் கண் கொள்ளப்பட்டதையும் மறையாது கூறுகின்றார். துன்பத்தையும் அதன் காரணத்தையும் நெஞ்சுக்குள் அடைத்து வைத்தார் அல்லர். முறையிட்டு வெளியே விட்டார். விட்டவுடன் கண் வந்ததா? வரவில்லை. அடுத்துத் திருவெண்பாக்கத்தில் ஊன்றுகோல் ஒன்றுதான் கிடைத்தது. காஞ்சியில் ஒரு கண். திருவாரூரில் மறு கண். கண் பெறாமலே இவ்வூரை விட்டு நடந்தார் என்பதை அன்பர்கள் மறத்தல் ஆகாது.

இதனை இவ்வளவு விரிவாக யாம் கூறுவதற்குக் காரணம் உண்டு. 2015 டிசம்பர் பெருமழையில் அம்பத்தூர்ப் பக்கத்தில் யாம் குடியிருந்த இல்லத்தினுள் இடுப்பளவு நீர் புகுந்தது. எம் ஆசிரியரிடம் ஆறாண்டு பெரியபுராணம் பாடங்கேட்டு எழுதிய பதினொரு குறிப்பேடுகள் அலமாரியின் அடித்தட்டில் இருந்தன. 'மேலே பரணில் எடுத்து வைக்கட்டுமா?' என்று அன்று மாலையே எம் இல்லத்தரசியார் கேட்டார். 'இங்கே தண்ணீர் வராது' என்று சொன்னவர்கள் யாம். நீர் வடிந்தபின் ஒவ்வோர் ஏடாக மாடியில் உலர்த்தினோம். எஞ்சியது நீலக் கறை மட்டுமே. அப்பொழுது, 'நீ எடுத்து வைத்திருக்கலாமே' என்று அவரையே கடிந்தோம். அவர் மறுமொழி கூறவில்லை.

அந்த மூட்டை ஈர வாடையோடு ஈராண்டு பரணில் கிடந்தது. சுந்தரரைப் பற்றிப் பேச அழைத்தோர்க்கெல்லாம் குறிப்பு இல்லை என்று மறுத்துவந்தோம். நாள்தோறும் பிராணாயாமம் செய்துகொண்டுதான் இருந்தோம், எண்ணிக்கை தவறியதில்லை. மூச்சு வெளியே போயிற்று. அந்தச் சொல் மட்டும் உள்ளேயே நின்றது. 2017 கார்த்திகைத் தீபத்தன்று இந்தச் சன்னிதியில், வாள் பட்ட காயத்துக்காக ஆண்டு முழுதும் சந்தனக்காப்பில் விளங்கும் பெருமானைக் கண்டு நின்றபோது, பிறர்மேல் யாம் வெட்டியது நினைவுக்கு வந்தது. இல்லம் சென்று, 'அன்று தவறு எம்முடையது' என்றோம். ஈராண்டாக வராத சொல் அது. அவர் சிறிதுநேரம் பேசவில்லை. பிறகு, 'உங்கள் ஏடு நனைந்ததற்கு நீங்கள் அழுதீர்கள். அரிசி மூட்டை நனைந்ததற்கு நான் அழவும் நேரம் இருந்ததா?' என்றார். சிரித்தார் என்றுதான் எண்ணுகின்றோம். விளக்கொளியில் சரியாகத் தெரியவில்லை.

மறுநாள் மூட்டையை இருவருமாகப் பரணிலிருந்து இறக்கி, முற்றத்தில் எரியிட்டோம். ஈரம் முழுதும் போகாமையால் நெடுநேரம் புகைந்தது. அடுத்த திங்களே சுந்தரர் வரலாற்றைக் கைக்குறிப்பு இன்றிப் பேசினோம். பல இடங்களில் மறந்தோம்; மறந்ததை அவையிலிருந்த முதியவர் ஒருவர் எடுத்துக் கொடுத்தார். இன்றும் அவ்வாறே பேசுகின்றோம்.

அர்த்தசாமப் பூசைக்கு மணி அடிக்கின்றார்கள். மழையும் சற்று விட்டிருக்கின்றது. எழுவதற்கு முன் யாவரும் ஒருமுறை ஐந்தெழுத்தை எண்ணி மூச்சை வாங்கி, இருமுறை எண்ணி மெல்ல விடுவோமாக.

திருச்சிற்றம்பலம்.