குதிரைத் துணியும் குடிகாட்டு போர் தண்ணியும்

இந்த வார டாபிக், குதிரை முதுகுல போடுற துணியை வீட்டுலயே எப்படித் துவைக்கிறது. "கடலூர்க்காரனுக்கு இது எதுக்கு?"ன்னு கேக்கலாம். பீச் சவாரிக் குதிரை, கல்யாண ஊர்வலக் குதிரை, அந்தியூர் குருநாதசாமி கோவில் ஆடிச் சந்தையில ஆசைப்பட்டு வாங்குற குதிரை, எல்லாத்துக்கும் சேணத்துக்கு அடியில ஒரு துணி வேணும்.

யூடியூப்ல தேடினா குளிர் நாட்டுத் தடிப் போர்வைதான் வரும். நம்ம வெயிலுக்கு அது தேவையில்ல. நம்ம பிரச்சினை வேற: வியர்வை.

குதிரை வியர்வையில மனுஷ வியர்வையை விட உப்பு அதிகம். கூடவே லேத்தரின்னு ஒரு புரதம் இருக்கு. ஓடின குதிரை உடம்புல வெள்ளையா நுரை தெரியுமே, அதுக்குக் காரணம் இதுதான். இந்த உப்பு, புரதம், முடி, மணல் எல்லாம் சேர்ந்து காய்ஞ்சா துணி அட்டை மாதிரி ஆயிடும். அது மேல சேணம், அதுக்கு மேல ஆள் எடை. தோல் உரசி முதுகு புண்ணாகும். புண் ஆறுற வரைக்கும் சேணம் போடக் கூடாது. தினக்கூலிக்குக் குதிரை ஓட்டுறவருக்கு அத்தனை நாள் வருமானம் போச்சு. ஓட்டியே ஆகணும்னு ஓட்டினா, வலி குதிரைக்கு.

சரி, துவைக்கிறது எப்படி?

முதல்ல துணியை நல்லாக் காயவிட்டு, வெளியில வச்சு கட்டை பிரஷ்ஷால முடியையும் மணலையும் தட்டி எடுங்க. அப்படியே மெஷின்ல போட்டா முடி ஃபில்டரை அடைச்சுடும். கையில வெட்டுக்காயம் இருந்தா கையுறை போடுங்க. குதிரை லத்தியில டெட்டனஸ் கிருமி இருக்க வாய்ப்பு உண்டு, அதனால தடுப்பூசியும் போட்டிருக்கணும்.

அடுத்து பச்சைத் தண்ணியில அரை மணி நேரம் ஊறட்டும். எடுத்ததும் சுடுதண்ணி ஊத்தினா புரதக் கறை நூல்லயே பிடிச்சுக்கும், கம்பளியா இருந்தா சுருங்கியும் போகும்.

இப்போ தண்ணி விஷயம். கடலோர போர் தண்ணி பல இடத்துல கடின நீர். அதுல இருக்குற கால்சியம் சோப்போட சேர்ந்து தயிர்த் திப்பி மாதிரி துணியிலயே தங்கிடும். துவைச்ச பிறகும் துணி சொரசொரப்பா இருக்கும். பருத்தித் துணின்னா தண்ணியில கொஞ்சம் சலவைச் சோடா கரைச்சுட்டு, சோப்புக் கட்டிக்குப் பதிலா லிக்விட் டிடர்ஜென்ட் குறைவா போடுங்க. கம்பளிக்குச் சோடா வேண்டாம். வாசனை கண்டிஷனர் எதுக்குமே வேண்டாம், தோல்ல அரிப்பு வரும்.

அலசுற தண்ணியில நுரை நிக்கிற வரைக்கும் அலசணும். இங்கதான் நம்ம ஊர்க் கதை வருது. சிப்காட் ரசாயனம் நிலத்தடி நீர்ல கலக்குதுன்னு குடிகாட்டு மக்கள் பல வருஷமா சொல்லிட்டு வர்றாங்க. நிறமோ வாடையோ இருக்குற தண்ணியில அலசின துணி, வியர்வையில நனைஞ்சு மணிக்கணக்கா குதிரைத் தோல்ல ஒட்டியிருக்கும். கடைசி அலசலுக்காவது நல்ல தண்ணி ஒரு குடம் ஒதுக்குங்க. மழைத் தண்ணி கிடைச்சா இன்னும் நல்லது.

முழுசாக் காயாம போடாதீங்க. ஒரு குதிரைத் துணியை இன்னொண்ணுக்கும் போடாதீங்க. படர்தாமரை துணி வழியாப் பரவும், துவைக்கிற நமக்கும் வரும். குதிரைக்கு ரெண்டு துணி இருந்தா ஒண்ணு காயும்போது ஒண்ணு முதுகுல இருக்கும்.

பீச்ல சவாரி ஏறுறதுக்கு முன்னாடி அந்தத் துணியைத் தொட்டுப் பாருங்க. அட்டை மாதிரி இருந்தா, ஓட்டுறவர்கிட்ட இதைப் பொறுமையா எடுத்துச் சொல்லுங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்!