தேர்வடமும் ஒரு புரியும்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



இன்ஜினியர் வந்து பாலம் பற்றியோ கம்ப்யூட்டர் பற்றியோ பேசுவான் என்று நினைத்திருப்பீர்கள். நான் பேசப் போவது ஃபைப்ரில்லின் என்ற புரதத்தைப் பற்றி. "டாக்டர் பேச வேண்டியதை நீ ஏன்பா பேசறே?" என்று கேட்கலாம். அந்தப் புரதம் என் உடம்பில் சரியாக இல்லை. அதுதான் எனக்குள்ள தகுதி.

முன்வரிசையில் இருக்கும் என் வகுப்புத் தோழர்களுக்கு என் பெயர் மறந்திருக்கலாம். 'பனைமரம்' என்றால் உடனே தெரியும். ஆறடி மூன்றங்குலம், ஒல்லி உடம்பு, நீளமான கை, சோடாபுட்டிக் கண்ணாடி. உயரத்துக்காகவே வாலிபால் அணியில் சேர்த்தார்கள்.

31 வயதில் என் கண்ணாடியின் பவர் ஆறு மாதத்துக்கொரு தரம் மாறத் தொடங்கியது. கடையில் மாற்றி மாற்றிக் கொடுத்தார்கள், நானும் வாங்கிப் போட்டுக்கொண்டிருந்தேன். கடைசியில் தவளக்குப்பம் கண் மருத்துவமனைக்குப் போனேன். டாக்டரம்மா சொட்டு மருந்து விட்டுப் பார்த்து, "லென்ஸ் மேல் பக்கமா நகர்ந்திருக்கு" என்றார். அப்புறம் என் கையைப் பார்த்தார். "ஒரு கையால இன்னொரு மணிக்கட்டைச் சுத்திப் பிடிங்க." பிடித்தேன். கட்டைவிரல் சுண்டுவிரல் நகத்தை முழுசாக மூடிக்கொண்டது. "உங்க வீட்ல யாராவது சின்ன வயசுல திடீர்னு இறந்திருக்காங்களா?" என்று கேட்டார்.

எங்கள் ஊர் பாகூர் பக்கம். அப்பாவும் என்னைப் போலவே நெட்டை. 41 வயதில், களத்தில் நெல் மூட்டை தூக்கும்போது, "முதுகுல என்னமோ கிழிஞ்ச மாதிரி இருக்கு" என்று சொல்லி உட்கார்ந்தார். எழுந்திருக்கவில்லை. மாரடைப்பு என்றார்கள். நாங்களும் அப்படியே நம்பினோம்.

கோரிமேடு ஜிப்மரில் எனக்கு எக்கோ எடுத்தார்கள். இதயத்திலிருந்து புறப்படும் பெருந்தமனியின் அடிப்பகுதி 4.4 சென்டிமீட்டர். 4-க்குள் இருக்க வேண்டியது. நோயின் பெயர் மார்ஃபான். 1896-இல் பாரிஸில் அந்துவான் மார்ஃபான் என்ற குழந்தை மருத்துவர், விரல்கள் மிக நீண்டிருந்த ஐந்து வயதுச் சிறுமியைப் பற்றி எழுதியதால் வந்த பெயர்.

காரணம் தெரிய 90 ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. 1986-இல் லின் சகாய் குழுவினர் ஃபைப்ரில்லினைக் கண்டுபிடித்தார்கள். 15-ஆவது குரோமோசோமில் உள்ள அதன் மரபணுவில் வரும் பிழைதான் மார்ஃபானுக்குக் காரணம் என்பது 1991-இல் உறுதியானது.

வில்லியனூர் திருக்காமீசுவரர் தேரை நம்மில் பலர் இழுத்திருப்போம். வடத்தைக் கவனித்திருக்கிறீர்களா? நார் சேர்ந்து புரி, புரி சேர்ந்து வடம். உடம்பிலும் அப்படித்தான். ஃபைப்ரில்லின் மூலக்கூறுகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்து, மில்லிமீட்டரில் லட்சத்தில் ஒரு பங்கு தடிமனுள்ள இழையாகின்றன. அந்த இழைகளின் மேல்தான் ரப்பர் போன்ற எலாஸ்டின் படிகிறது. இரத்தக்குழாய், தோல், நுரையீரல் எல்லாவற்றிலும் இந்த இழை உண்டு. கண்ணில் லென்ஸைத் தொங்கவிட்டிருக்கும் கயிறும் பெரும்பாலும் இதுதான். அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று என்று நமக்கு இரண்டு மரபணுப் பிரதிகள். ஒன்று பிழையானாலே வடத்தில் மட்டமான புரி கலந்துவிடும்.

இன்னொரு வேலையும் இதற்கு உண்டு. டி.ஜி.எஃப்.-பீட்டா என்ற வளர்ச்சிச் சமிக்ஞையைக் கட்டிப்போட்டு வைப்பது. இழை கெட்டால் அது கட்டவிழ்ந்து திசுவைக் குலைக்கிறது.

இனி நம்ம பாடம். குழாய்ச் சுவரின் இழுவிசை என்பது அழுத்தத்தை ஆரத்தால் பெருக்கி, சுவரின் தடிமனால் வகுப்பது. இரண்டாம் ஆண்டில் படித்தோமே, அதேதான். இதயம் நாளொன்றுக்குச் சுமார் ஒரு லட்சம் தடவை துடிக்கிறது. ஒவ்வொரு துடிப்பிலும் பலவீனமான குழாய் கொஞ்சம் விரிகிறது. விரிய விரிய ஆரம் கூடும், சுவர் மெலியும், இழுவிசை மேலும் ஏறும். ஏரிக்கரையில் கசிவு மடையாவது போல. ஒரு நாள் உட்சுவர் கிழிகிறது.

அமெரிக்க வாலிபால் வீராங்கனை ஃப்ளோ ஹைமன், ஆறடி ஐந்தங்குலம், 1984 ஒலிம்பிக்கில் வெள்ளிப் பதக்கம் வாங்கியவர். 1986 ஜனவரியில் ஜப்பானில் ஆட்டத்தின் நடுவே சரிந்து இறந்தார். வயது 31. அதன் பிறகுதான் மார்ஃபான் என்று தெரிந்தது. அவருடைய சகோதரரைப் பரிசோதித்தபோது அவருக்கும் இருந்தது. அறுவை சிகிச்சை செய்தார்கள்.

தெரிந்துவிட்டால் வழி இருக்கிறது. துடிப்பின் வேகத்தைத் தணிக்கும் பீட்டா பிளாக்கர் மாத்திரை, அல்லது லோசார்டான். ஆண்டுக்கொரு எக்கோ. குழாய் 5 சென்டிமீட்டரை நெருங்கினால் அந்தப் பகுதியை மாற்றும் அறுவை சிகிச்சை. 1972-இல் வந்த அமெரிக்க ஆய்வில் இந்த நோயாளிகளின் சராசரி மரண வயது 32. 1990-களில் வந்த ஆய்வில், பாதிப் பேர் 70-ஐத் தாண்டுவார்கள் என்ற கணக்கு. நான் மாத்திரை சாப்பிடுகிறேன், மூட்டை தூக்குவதில்லை, வாலிபாலைக் கரையிலிருந்து பார்க்கிறேன்.

இது பிள்ளைக்கு வருவது பூவா தலையா போல, பாதிக்குப் பாதி. என் மகளுக்கு ஆறு வயது. அவளுக்கும் இருக்கிறது. அன்றிரவு நானும் என் மனைவியும் தூங்கவில்லை. காலையில் அம்மா சொன்னார்கள்: "உங்கப்பாவுக்குத் தெரியாம போச்சு. இவளுக்குத் தெரிஞ்சிருக்கு இல்ல?" அதற்கு மேல் நான் சொல்ல ஒன்றுமில்லை.

சுமார் 5000 பேரில் ஒருவருக்கு இது வரலாம். 2011 கணக்கெடுப்பில் புதுச்சேரி யூனியன் பிரதேசத்தின் மக்கள்தொகை சுமார் 12½ லட்சம். அந்தக் கணக்குப்படி சுமார் 250 பேர் இருக்க வேண்டும். வில்லியனூரிலும் பாகூரிலும் எத்தனை பேர் கண்ணாடிக் கடைக்கே நடந்துகொண்டிருக்கிறார்களோ! நாலில் ஒருவருக்குப் பெற்றோரிடம் இல்லாமலே புதிதாக வருகிறது. ஆகவே "எங்க பரம்பரையில இல்லை" என்று விட்டுவிடாதீர்கள்.

உயரமானவர்களெல்லாம் பயப்பட வேண்டாம். பெரும்பாலோர் வெறும் உயரம்தான். ஆனால் மிக நீண்ட கைவிரல், குழிந்த அல்லது முன்தள்ளிய மார்பு, வளைந்த முதுகு, கடுமையான கிட்டப்பார்வை இவற்றில் சில சேர்ந்திருந்தால், ஒரு கண் பரிசோதனை, ஒரு எக்கோ. வீட்டில் இளவயதுத் திடீர் மரணம் இருந்தால் தள்ளிப்போடவே வேண்டாம். இந்த நோயுள்ள பெண்கள் கருத்தரிக்கும் முன்பே இதய மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

விளையாட்டு ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள்: உயரம் பார்த்து அணியில் சேர்க்கும்போது கையையும் கொஞ்சம் பாருங்கள். தம்பிகளே, உங்கள் வகுப்பிலும் ஒரு பனைமரம் இருப்பான். கூப்பிடுங்கள், தப்பில்லை. கூப்பிட்டுவிட்டு, "மணிக்கட்டைப் பிடிடா பார்க்கலாம்" என்று ஒரு தரம் சொல்லுங்கள்.