கப்பித்தானும் பதினெட்டு ஏக்கரும்

(பரிசளிப்பு விழாவில் ஆசிரியர் ஆற்றிய உரை)

 

ஜார்ஜ்டவுன் பட்டணத்துக்குப் போனவர்கள் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலைப் பார்த்திருப்பீங்க. யார் அந்தக் கப்பித்தான்? பட்டாளத்துத் தளபதியா? இல்லை. சோழமண்டலக் கரையிலுள்ள பரங்கிப்பேட்டையிலிருந்து வந்த தமிழ் வணிகர் காதர் முகைதீன் மரைக்காயர்தான் அவர்.

1786-இல் ஆங்கிலக் கம்பெனி பினாங்கில் கொடியேற்றியது. பல நாட்டு மக்கள் வந்து குடியேறினார்கள். ஒவ்வொரு சமூகத்துக்கும் ஒரு தலைவரைக் கம்பெனி வைத்தது. அவருக்குத்தான் கப்பித்தான் என்று பெயர். தென்னிந்தியர்களை அக்காலத்தில் ‘கெலிங்’ என்றார்கள். இன்று அந்தச் சொல்லை யாரையும் பார்த்துச் சொல்லக் கூடாது, பிள்ளைகளே, மனம் புண்படும். பள்ளிவாசலின் பெயரில் அது சரித்திரமாக நிற்கிறது.

1801-இல் காதர் முகைதீன் கப்பித்தான் ஆனார். தம் மக்களிடையே எழும் சில்லறை வழக்குகளைத் தீர்ப்பதும், அவர்களுக்காக அரசிடம் பேசுவதும் கப்பித்தானின் வேலை. கங்காணி காலத்தைப் பற்றித் தாத்தா பாட்டி சொல்லக் கேட்டிருப்பீங்க. ஆள் கணக்குப் பார்த்துத் தலைக்காசு வாங்கியவர் கங்காணி. அவரும் தலைவர்தான். ஆனால் தலைவர் போன பிறகு மக்களுக்கு என்ன மிஞ்சியது என்று பார்க்க வேண்டும்.

காதர் முகைதீன் காலத்தில் மிஞ்சியது நிலம். அதே 1801-இல் பள்ளிவாசலுக்காகக் கம்பெனி 18 ஏக்கர் ஒதுக்கியது. ஓர் ஏக்கர் எவ்வளவு என்று பால்மரம் வெட்டும் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அந்த நிலம் எந்தத் தனி ஆளுக்கும் சொந்தமில்லை. விற்க முடியாத தருமச் சொத்து. அதை ‘வக்பு’ என்பார்கள். கப்பித்தான் 1834-இல் காலமானார். பள்ளிவாசல் நிலைத்தது.

நிலம் கிடைத்ததோடு கவலை தீர்ந்ததா? தீரவில்லை. தருமச் சொத்துகள் பல சரியான கணக்கு வழக்கில்லாமல் சீர்கெட்டன. கடைசியில் 1905-இல் அரசு சட்டம் போட்டு, முஸ்லிம், இந்து அறநிலையங்கள் இரண்டையும் ஒரே வாரியத்தின் பார்வையில் வைத்தது. அதன் பிறகுதான் பள்ளிவாசல் விரிவாகப் புதுப்பிக்கப்பட்டு இன்றைய அழகைப் பெற்றது.

பெற்றோர்களே, இதை ஏன் இங்கே சொல்கிறேன்? இந்த நாட்டில் எத்தனையோ தோட்டத் தமிழ்ப்பள்ளிகள் பிறருடைய நிலத்தில் நிற்கின்றன. தோட்டம் கைமாறினால் பள்ளியும் ஆட்டம் காணும். ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. செம்பனை போய் வீடமைப்பு வந்தது. வேலை தேடி நாம் பட்டணம் போய்விடலாம். பள்ளிக்கூடம் மூட்டை கட்டிக்கொண்டு நம் பின்னால் வராது.

ஆகவே பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்துக்குத் தவறாமல் வாங்க. பள்ளி நிலம் யார் பேரில் இருக்கிறது என்று கேளுங்க. நன்கொடைக் கணக்கையும் கேளுங்க. வாத்தியார் கோபித்துக்கொள்வாரோ என்று பயப்பட வேண்டாம். கேட்க ஆளில்லாத சொத்துதான் கரையும்.

மாணவச் செல்வங்களே, இன்று பரிசு வாங்கும் கைகள் நாளை பத்திரத்தைப் படிக்கவும் மனு எழுதவும் கற்றுக்கொள்ளட்டும். உங்களில் ஒருவர் தம் சமூகத்துக்கு நிலையான ஓரிடத்தைத் தேடித் தந்தால், அதைவிட இந்தப் பள்ளிக்குப் பெருமை வேறில்லை.