பிடித்த எழுத்தாளரும் பிடிக்காத முடிவும்
(வடபழனியில் நடைபெற்ற ஆசிரியர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நூல் மதிப்புரை எழுதச் சொன்னால் நம் மாணவர்கள் பெரும்பாலும் ஒரே வாக்கியத்தில் முடிக்கிறார்கள்: ‘இந்நூல் மிகவும் சிறப்பாக உள்ளது.’ எழுத்தாளர் புகழ்பெற்றவர் என்றால் குறை சொல்லக் கூடாது என்று நினைக்கிறார்கள். இந்தத் தயக்கத்தைப் போக்கக் கல்கியே நமக்குத் துணை வருவார்.

‘பொன்னியின் செல்வன்’ 1950 முதல் 1954 வரை கல்கி இதழில் தொடராக வந்தது. ஐந்து பாகங்களையும் ஆர்வத்தோடு படித்த வாசகர்களில் பலர், முடிவைக் கண்டு ஏமாற்றமடைந்தனர். கதை சட்டென்று நின்றுவிட்டது, பல பாத்திரங்களின் கதி தெரியவில்லை என்று குறைப்பட்டனர். கல்கி அவர்களைப் புறக்கணிக்கவில்லை. நூலின் இறுதியில் முடிவுரை எழுதி விளக்கம் தந்தார். முழுக் கற்பனைக் கதையை முடிப்பதுபோலச் சரித்திரக் கதையை முடிக்க இயலாது என்பது அவர் வாதத்தின் சாரம்.

இந்த விளக்கம் போதுமா? இங்கேதான் நம் வகுப்பறைக்கு வேலை இருக்கிறது.

ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார் என்பதை நாவல் தெளிவாகச் சொல்லாமல் விடுகிறது. ஆனால் காட்டுமன்னார்கோயிலை ஒட்டிய உடையார்குடியில், அனந்தீசுவரர் கோயிலில், ஒரு கல்வெட்டு இருக்கிறது. ராஜராஜன் ஆட்சியின் 2ஆம் ஆண்டைச் சேர்ந்த அது, கரிகாலனைக் கொன்ற துரோகிகளாகச் சோமன், ரவிதாசன், பரமேசுவரன் ஆகியோரைக் குறிக்கிறது. அவர்கள், உறவினர்கள் ஆகியோரின் நிலங்களைப் பற்றிப் பேசுகிறது. கொலைக்குப் பின் உத்தம சோழன் ஏறக்குறைய 15 ஆண்டுகள் ஆண்டான். அதன் பிறகே, 985இல் ராஜராஜன் முடிசூடினான். நடவடிக்கை ஏன் இவ்வளவு தாமதம்? இதற்குக் கல்வெட்டில் விடை இல்லை. வரலாற்றறிஞர்களிடையே இன்றும் கருத்து வேறுபாடு உண்டு.

ஆக, வாசகரின் ஏமாற்றத்தில் ஒரு பங்கு வரலாற்றின் மௌனத்தால் வந்தது. இன்னொரு பங்கு ஆசிரியர் எடுத்த முடிவால் வந்தது. ரவிதாசனையும் சோமனையும் கதைக்குள் கொண்டுவந்த கல்கி, கொலைப் பழியை மட்டும் பலர்மேல் படியவிட்டார். மர்மம் காக்கவே அப்படிச் செய்தார் என்று ஒரு மாணவி வாதிடலாம். அருள்மொழியின் தியாகமே கதையின் சிகரம் என்பதால் மற்றவை பின்னுக்குப் போயின என்று இன்னொருவர் சொல்லலாம். வாசகருக்குச் சேர வேண்டியது சேரவில்லை என்று மூன்றாமவர் மறுக்கலாம். மூன்றுக்கும் மதிப்பெண் உண்டு, நூலிலிருந்து சான்று காட்டினால்.

தமிழாசிரியரும் சமூக அறிவியல் ஆசிரியரும் சேர்ந்து ஒரு பாடவேளை ஒதுக்குங்கள். கரும்பலகையில் மூன்று கேள்விகளை எழுதுங்கள். எந்த இடத்தில் ஏமாந்தாய்? அங்கே சான்று என்ன சொல்கிறது? நீ எழுதியிருந்தால் என்ன செய்திருப்பாய்?

‘பிடிக்கவில்லை’ என்று சொல்லும் பிள்ளையை உட்காரச் சொல்லிவிடாதீர்கள். ‘ஏன்?’ என்று கேளுங்கள். அந்தப் பிள்ளை நூலைக் கடைசிப் பக்கம்வரை படித்திருக்கிறது.